உஷார்! அந்தப் பார்சலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்!

கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு இதை முதலில் படியுங்கள், தாய்மாரே.

கடையில் வாங்கிய சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி முழுக்க வாந்தி, வயிற்றுப்போக்கு. விடிந்ததும் நாம் செய்கிற முதல் வேலை என்ன? மிச்சம் கிடக்கும் பார்சலைக் கவரோடு சுருட்டிக் குப்பைத் தொட்டியில் எறிவது. "இந்தச் சனியனாலதான் எல்லாம்" என்று திட்டிக்கொண்டே எறிவது.

எறியாதீர்கள்!

நடந்ததைச் சொல்ல உங்கள் கையில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். அதையும் நாமே அழித்துவிட்டு, அப்புறம் தெருத்தெருவாகப் புலம்புகிறோம். புலம்பலைக் கேட்டு எந்த அதிகாரியும் வர மாட்டார்.

விருதுநகர், சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைக் கூடுதல் பயத்தோடு சொல்கிறேன். நம் பக்கம் அம்மாவும் அப்பாவும் சேர்ந்தே வேலைக்குப் போகிற வீடுகள் நிறைய. பயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ் என்று விடிவதற்குள் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புகிறோம். காலை இட்லி கடையில். சனிக்கிழமை சம்பளம் வந்தால் ராத்திரியும் கடையில். கடைச் சாப்பாடு இல்லாமல் நமக்கு வாரம் நகர்வதில்லை. அதனால்தான் சொல்கிறேன், உஷார்!

சிவகாசியை ஒட்டிய கிராமம் ஒன்றில் நடந்தது இது. ஊர்ப் பெயர் வேண்டாம். கடைப் பெயரும் வேண்டாம். பயர் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. கையில் வாரச் சம்பளம். வேன் இறக்கிவிட்ட இடத்துக்கு எதிரிலேயே ஒரு துரித உணவுக் கடை. கூட்டம் அலைமோதியது. கூட்டம் இருக்கிற கடையில் சரக்குத் தேங்காது, புதுசாகத்தான் இருக்கும் என்று நம்பி நின்றாள். ரெண்டு சிக்கன் ரைஸ். தொட்டுக்கொள்ளச் சின்னக் கவரில் வெள்ளையாக மயோனைஸ்.

ஏழரை மணிக்குப் பிள்ளைகள் சாப்பிட்டன. பத்து மணிக்குச் சின்னவனுக்குக் குமட்டல். பதினொன்றிலிருந்து வாந்தி நிற்கவே இல்லை. "சூடு பிடிச்சிருக்கும்" என்று பாட்டி தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். காலையில் மெடிக்கலில் சொல்லி ஒரு மாத்திரை. மத்தியானத்துக்குள் பையன் துவண்டு, கண் செருகிவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "கடைசியா எப்பம்மா ஒண்ணுக்குப் போனான்?"

அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முந்தின ராத்திரிக்கு அப்புறம் அவன் போகவே இல்லை.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தப் பையனின் அப்பா கடைக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். "அண்ணாச்சி, உங்க கடையில வாங்கித்தான் புள்ள இப்படிக் கிடக்கான்." கடைக்காரர் அசரவில்லை. "நேத்து எத்தனை பேர் தின்னுருக்காங்க தம்பி! ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையே. புள்ள வேற என்னத்தையும் தின்னுருப்பான்." சொல்லிவிட்டு, ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை அவர் சட்டைப் பையில் வைத்தார். "ஆஸ்பத்திரிச் செலவுக்கு வச்சுக்கோங்க."

அவ்வளவுதான். ஐந்நூறு ரூபாயோடு அடங்கிவிட்டது.

பிறகு வேனில் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அடுத்த தெருவில் மூன்று வீடுகளில் அதே ராத்திரி அதே வாந்தி. அதே கடை. ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் பிள்ளைக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் திருஷ்டி கழித்திருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் பார்சல் குப்பைக்குப் போயிருந்தது. பில்? அந்தக் கடையில் பில் கொடுக்கிற வழக்கமே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கடையில் அதே கூட்டம்.

நினைத்துப் பாருங்கள். நான்கு வீட்டில் ஒரு வீடு அன்றைக்கே ஒரு புகார் அனுப்பியிருந்தால்?

அந்தப் பையன் பிழைத்தான். எல்லாப் பிள்ளைகளும் பிழைக்கவில்லை. 2021 செப்டம்பரில் ஆரணியில் ஓட்டலில் சாப்பிட்ட 10 வயதுச் சிறுமி இறந்துபோனாள். 2022 மே மாதம் கேரளத்தில், காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுப் பெண் இறந்தாள். அங்கே நோய் கண்டவர்களிடம் ஷிகெல்லா என்ற கிருமி இருந்தது தெரியவந்தது. 2023 செப்டம்பரில் நாமக்கல். ஓட்டலில் ஷவர்மா வாங்கிச் சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி போய்விட்டாள். அதே கடையில் சாப்பிட்ட 43 பேர் ஆஸ்பத்திரியில். அதில் மருத்துவக் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளாலேயே தட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நம்மால் முடியுமா? கடை உரிமையாளரும் சமையல்காரர்களும் கைதானார்கள். கைதானதால் யார் திரும்பி வந்தார்கள்?

ஒரு பிள்ளை இறந்த பிறகுதான் கடைக்குச் சீல் என்றால், அதற்கு முந்தின நாள் வரை அந்தக் கடையில் எதையும் பார்க்காத வாடிக்கையாளரே இல்லையா? ஈ மொய்த்ததை, கறி வெளியே கிடந்ததை, வாடை வந்ததை யாரோ ஒருவர் பார்த்துத்தான் இருப்பார். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போயிருப்பார்.

நாமும் அப்படித்தான் போகிறோம். ஏன் என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். கடைக்காரர் அண்ணாச்சியாக இருப்பார், மாமாவாக இருப்பார், நம் தெருப் பையனாக இருப்பார். "பாவம், அவன் பொழப்புல மண்ணைப் போடுறதா?" என்ற எண்ணம் வரும். நல்ல மனசுதான். ஆனால் அந்த நல்ல மனசு அடுத்த வீட்டுப் பிள்ளைமேல் ஏன் வரவில்லை? இன்னும் சிலருக்குப் பயம், பெயர் வெளியே வந்துவிடுமோ என்று. அதற்குப் பதில் கீழே சொல்கிறேன்.

நம்ம பிள்ளைகளுக்கு இன்னொரு வழக்கம் வந்திருக்கிறது. தட்டில் கரப்பான் கிடந்தால் உடனே வீடியோ, ஸ்டேட்டஸ், குரூப்பில் ஃபார்வர்டு. ஊரே பார்த்துவிட்டது, இனிமேல் எல்லாம் நடக்கும் என்று திருப்தியாகப் படுத்துவிடுகிறார்கள்.

ஸ்டேட்டஸ் புகார் ஆகாது!

24 மணி நேரத்தில் அதுவே மறைந்துவிடும். அதில் தேதி இல்லை, கடை முகவரி இல்லை, சொன்னவர் யார் என்று இல்லை. அதுவும் பல வீடியோக்கள் எந்த ஊர், எந்த வருஷம் என்றே தெரியாமல் சுற்றுபவை. நல்ல கடைக்காரர் ஒருவரின் பெயர் கெட்டுப்போவதும் இப்படித்தான். 2024-ல் நாமக்கல்லில் நடந்த இன்னொரு சம்பவத்தைக் கேளுங்கள். கடையில் வாங்கிய சிக்கன் ரைஸ் சாப்பிட்ட முதியவர் இறந்துபோனார். எல்லாரும் கடையைத்தான் சபித்தார்கள். கடைக்குச் சீலும் வைத்தாகிவிட்டது. உணவைப் பரிசோதித்துப் பார்த்தால் அதில் பூச்சிமருந்து! விசாரணையில் குடும்பத்திலேயே ஒருவர் கலந்ததாகத் தெரிந்து, அவர் கைதானார். மாதிரி எடுத்துப் பரிசோதித்ததால்தான் இந்த உண்மை வெளியே வந்தது. முறையான புகாரால் நேர்மையான கடைக்காரருக்கு ஒரு கெடுதலும் இல்லை. அவரைக் காப்பாற்றுவதே அதுதான்.

சரி, கடையில் எதைப் பார்த்தால் உஷாராக வேண்டும்?

பார்சல். நம் பக்கத்துக்கு இதுதான் பெரிய ஆபத்து, ஒருத்தரும் பேசுவதில்லை. விடியற்காலை இருட்டோடு கட்டிய பொட்டலம். கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டது. அது தூக்குவாளிப் பையில், வேனில், வேலைக் கொட்டகை ஓரத்தில் மத்தியானம் வரை கிடக்கிறது. நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே இருக்கும்போதுதான் கிருமிகள் பெருகித் தள்ளுகின்றன. நம் மத்தியான வெயிலோ அதற்கு நடுவில் நிற்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், பட்டாசு ஆலைக்குள் நெருப்புக்கே இடமில்லை. தீக்குச்சி கொண்டுபோக முடியாத இடத்தில் அடுப்பை எங்கே பற்றவைத்துச் சூடு பண்ணுவது? அப்படியே சூடு பண்ணினாலும் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். வெளியே கிடந்த சோற்றில் வளரும் பேசில்லஸ் கிருமி விடுகிற ஒரு விஷம், சமையல் சூட்டுக்கு அசையாது. புண் உள்ள கையிலிருந்து உணவில் ஒட்டி வளரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் விஷமும் அப்படித்தான். கிருமி செத்தாலும் விஷம் அங்கேயே இருக்கும். சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி ஆரம்பித்தால் இந்த வகை என்று சந்தேகப்படலாம்.

சிக்கன் ரைஸ், எக் ரைஸ் போடும் கடையில் நின்று ஒரு நிமிஷம் பாருங்கள். சோறு எங்கிருந்து வருகிறது? பெரிய டப்பில், மூடி இல்லாமல், மத்தியானமே வடித்துக் கொட்டி வைத்த சோறா? அதை மேலாகச் சட்டியில் போட்டு, நெருப்பு எழும்ப ரெண்டு தட்டுத் தட்டுவதைப் பார்த்து "சூடா செய்றாரு" என்று மயங்காதீர்கள். அந்தச் சத்தமும் புகையும் பழைய சோற்றைப் புதுசாக்காது.

மயோனைஸ். பச்சை முட்டையை அடித்துச் செய்வது. முட்டையில் சால்மொனெல்லா இருந்தால் நேராக உங்கள் பிள்ளை வாய்க்குள். இந்த ஆபத்தைப் பார்த்துத்தான் பச்சை முட்டை மயோனைஸ் தயாரிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை போட்டது. "இது முட்டையில செஞ்சதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். முழிக்கிறார் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எண்ணெய்! பொரிச்ச பரோட்டா ஊர்க்காரர்களுக்கு நான் எண்ணெயைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விருதுநகர் எண்ணெய் வணிகத்தால் வளர்ந்த ஊர். நல்ல எண்ணெயின் வாசனை நம் மூக்குக்குத் தெரியும். அந்த மூக்கைக் கடையிலும் பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்கிறேன். சட்டி எண்ணெய் கறுத்துக் கிடக்கிறதா? தொட்டால் பிசுபிசுவென்று இழுக்கிறதா? அடுப்பு மிதமாக எரியும்போதே புகைகிறதா? பொரித்ததைச் சுற்றி நுரை கட்டி அடங்காமல் நிற்கிறதா? நேற்றைய எண்ணெய், முந்தாநாள் எண்ணெய், மேலே கொஞ்சம் புதுசு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தவே கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. அதை அளக்கக் கருவி உண்டு. அதிகாரி வந்தால்தான் அளப்பார். அதிகாரி வர வேண்டுமானால் யாராவது கூப்பிட வேண்டும். அதே தெருவில், அதே விலைக்கு, தினமும் எண்ணெயை மாற்றிச் சுத்தமாகப் பொரித்துக் கொடுக்கிற கடைகளும் நம் ஊரில் இருக்கின்றன. அழுக்குக் கடையைச் சகித்துக்கொள்வது அந்த நல்ல மனிதர்களுக்குச் செய்கிற துரோகம் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சங்கதி. அச்சடித்த தாள். சிவகாசியில் தாளுக்கா பஞ்சம்? கழிவுத் தாள், பழைய பேப்பர், வெட்டி எறிந்த லேபிள் என்று எதைக் கிழித்தும் வடையை மடிக்கலாம், பஜ்ஜியை அமுக்கி எண்ணெய் எடுக்கலாம். சூடான எண்ணெய் பட்டதும் மை இளகும். அச்சு மையில் ஈயம் போன்ற கன உலோகங்கள் இருக்கலாம். செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் கட்டக்கூடாது என்பது 2018-லேயே வந்த பேக்கேஜிங் விதி. 2023-ல் மறுபடியும் எச்சரித்தார்கள். வடையைப் பிரித்ததும் அதில் எழுத்து தலைகீழாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? அதைத்தான் தின்கிறோம். அச்சாபீசில் வேலை பார்த்துவிட்டு கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிற நாமே, வாசலில் அதே மையை வடையோடு வாங்கிச் சாப்பிடுகிறோம்!

சிக்கன் 65 கண்ணைப் பறிக்கிற சிவப்பில் இருந்தால் வேண்டாம். கறி வறுவலில் செயற்கை நிறம் சேர்க்க அனுமதியே இல்லை. ரோடமின்-பி என்ற சாயம் கலந்ததால் பஞ்சுமிட்டாய்க்கே 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தடை வந்தது.

மற்றவை உங்கள் கண்ணுக்கே தெரியும். பணம் வாங்கிய கையால் சட்னி அள்ளுவது. ஒரே வாளித் தண்ணீரில் எல்லாத் தட்டையும் முக்கி எடுப்பது. பச்சைக் கறி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்குவது. இருமிக்கொண்டே மாவு பிசைவது. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போது அடிக்கிற வாடை.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இரட்டிப்பு உஷார். வெடி வாங்க வெளியூர்க் கார்கள் சிவகாசிக்குள் சாரிசாரியாக வரும். எந்தக் கடையிலும் இடமிருக்காது. இருக்கிற சமையலறையில் மூன்று மடங்கு சமைப்பார்கள். கழுவ நேரம் இருக்காது, வேகவைக்கவும் பொறுமை இருக்காது. கோழிக்கறி உள்ளே இளஞ்சிவப்பாக, எலும்போரம் ரத்தம் கசிந்தால் ஒரு வாய்கூட வேண்டாம். அப்படியே வைத்துப் படம் எடுங்கள்.

இனி உடம்பு காட்டும் அபாயக் குறிகள். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிள்ளை ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகவில்லை. அழுதால் கண்ணீர் வரவில்லை. வாய் காய்ந்து, கண் உள்ளே போயிருக்கிறது. கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் தூங்கி வழிகிறது. மலத்தில் ரத்தம். விடாத காய்ச்சல். இதில் ஒன்று இருந்தாலும் மெடிக்கல் மாத்திரை, தொப்புள் எண்ணெய் எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் அறிகுறி முற்றும்வரை காத்திருக்கவே கூடாது. வழியிலேயே ஓ.ஆர்.எஸ். கொடுக்க ஆரம்பியுங்கள், பெரிய பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர். வயிற்றுப்போக்கை "நிறுத்துகிற" மாத்திரையை நீங்களாகப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். அசுத்த உணவால் உலகத்தில் ஆண்டுக்கு 4,20,000 பேர் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கணக்குச் சொன்னது. அதில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள்.

டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: எந்தக் கடை, என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு. அதைச் சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். அந்தச் சீட்டு பின்னால் வேண்டும்.

பிள்ளையை டாக்டர் கையில் ஒப்படைத்தாயிற்றா? இப்போது புகார். அன்றைக்கே!

மிச்சத்தைச் சுத்தமான மூடி போட்ட டப்பாவில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மேலே தேதி, நேரம் எழுதி, யாரும் தொடாத இடத்தில். கவர், பில், சாப்பாடு மூன்றையும் படம் எடுங்கள். கடை முகப்பையும் ஒரு படம். பில்லில் 14 இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும். உணவு பாதுகாப்புத் தரப்படுத்தல் ஆணையம் கொடுக்கும் எண் அது. 1-ல் ஆரம்பித்தால் உரிமம், 2-ல் ஆரம்பித்தால் பதிவு. 2022 ஜனவரியிலிருந்து பில்லில் அச்சிடுவது கட்டாயம். சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்கவும் வேண்டும். எண்ணே இல்லாத கடையா? அதுவே தனிப் புகார்.

அனுப்ப வேண்டிய வாட்ஸ்அப் எண் 94440 42322. தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறையின் எண். இப்போதே போனில் பதிந்து வையுங்கள். பிள்ளை வாந்தி எடுக்கிறபோது தேட முடியாது. அந்தத் துறைக்குத் தனிச் செயலியும் இணையதளமும் இருக்கின்றன. ஒன்றிய அரசு அளவில் 1800 11 2100 என்ற இலவச எண். மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலர் இருக்கிறார், அவருக்குக் கீழே வட்டாரத்துக்கும் நகரத்துக்கும் உணவு பாதுகாப்பு அலுவலர்கள். புகார் அவர்கள் கைக்குத்தான் போகும். தெருவில் சாக்கடை வழிந்து கடைக்குள் வருகிறது, குப்பை குவிந்து கிடக்கிறது என்றால் மாநகராட்சி அல்லது ஊராட்சி சுகாதாரப் பிரிவுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

பெயர் வெளியே வருமா என்று பயந்தீர்களே? புகார் கொடுப்பவர் விவரம் ரகசியமாக வைக்கப்படும் என்று துறையே சொல்லியிருக்கிறது. உங்கள் போன் நம்பரை மட்டும் உண்மையாகக் கொடுங்கள், அதிகாரி திரும்பக் கூப்பிட்டு விவரம் கேட்க வேண்டியிருக்கும். புகாரை அனுப்பிவிட்டு, அதைக் கடைக்காரரிடம் போய் மிரட்டலாகச் சொல்லாதீர்கள். "புகார் கொடுக்கட்டுமா, காசு தர்றியா?" என்று பேரம் பேசுகிற கும்பலோடு உங்களையும் சேர்த்துவிடுவார்கள். ஐந்நூறும் வேண்டாம், ஐயாயிரமும் வேண்டாம்.

அதிகாரி வந்தால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் டப்பாவில் இருப்பது துப்புக் கொடுக்கும். ஆனால் வழக்குக்கு நிற்பது, அதிகாரி தன் கையால் கடையில் எடுத்து, நான்கு பங்காகப் பிரித்து, சீல் வைக்கிற உணவு மாதிரிதான். அதனால்தான் "அன்றைக்கே" என்று கத்துகிறேன். ரெண்டு நாள் கழித்துப் போனால் கடை பளிச்சென்று இருக்கும், பழைய கறி மாயமாகியிருக்கும். மாதிரி அரசு பகுப்பாய்வுக் கூடத்துக்குப் போகும். 14 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம். குறை சின்னதென்றால் திருத்திக்கொள்ளச் சொல்லி நோட்டீஸ். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே கடையை மூட உத்தரவிட வழி இருக்கிறது. அசுத்தமாகச் சமைத்தாலே 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அதை மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து விதிப்பார். பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் குறைந்தது 7 ஆண்டிலிருந்து ஆயுள் வரை சிறை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். குடும்பத்துக்கு இழப்பீடு குறைந்தது 5 லட்சம். 2006-ல் இயற்றி 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. சட்டத்தில் குறையில்லை. நம் பக்கத்திலிருந்து புகார் போவதுதான் குறைவு.

ஓட்டலுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பள்ளி விடுதி, வேலைசெய்யும் இடத்து உணவகம், கல்யாண மண்டபம், கோயில் திருவிழா அன்னதானம் எல்லாவற்றுக்கும் இதே துறைதான். சாமி பிரசாதம், குறை சொன்னால் பாவம் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கெட்டுப்போன புளியோதரையைப் பிள்ளைக்கு ஊட்டுவதுதான் பாவம்.

எப்படி எழுதுவது என்று தயங்காதீர்கள். இலக்கணம் வேண்டாம், திட்டும் வேண்டாம். இவ்வளவு போதும்:

"ஐயா, இன்று தேதி இது. நேற்று இரவு 7 மணிக்கு இன்ன ஊர், இன்ன தெரு, இன்ன கடையில் இரண்டு சிக்கன் ரைஸ் பார்சல் வாங்கினோம். சாப்பிட்ட மூன்று மணி நேரத்தில் என் மகனுக்கு வாந்தி. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். அடுத்த தெருவிலும் மூன்று பேருக்கு இதே நிலை. மிச்ச உணவு குளிர்சாதனப் பெட்டியில் உள்ளது. படங்கள், டாக்டர் சீட்டு இணைத்திருக்கிறேன். கடை இப்போதும் திறந்திருக்கிறது. உடனே வந்து பார்க்கவும்."

அந்த "அடுத்த தெருவிலும்" என்ற வரிக்காகக் கொஞ்சம் நடங்கள். பக்கத்து வீடுகளில், வேனில் உடன் வருபவர்களிடம், வகுப்பு அம்மாக்களிடம் விசாரியுங்கள். ஒரு வீட்டுக்கு வந்தால் வயிற்றுக் கோளாறு என்று தள்ளிவிடலாம். நான்கு வீட்டுக்கு வந்தால் தள்ள முடியாது. நான்கு பேரும் தனித்தனியாக அனுப்புங்கள்.

அனுப்பியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒருவரும் கூப்பிடவில்லை, ஒன்றும் நடக்கவில்லை என்றால் முதல்வர் உதவி மைய எண் 1100. அதுவும் போதாது என்றால் திங்கட்கிழமை விருதுநகர் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஸ்கிரீன்ஷாட்டை நகல் எடுத்து மனுவோடு சேர்த்துக் கொடுங்கள், மனு எண் போட்ட சீட்டை வாங்காமல் நகராதீர்கள்.